கவுன்சிலிங் அறை மாணவருக்கு, சரி. ஊழியருக்கு?

பல்கலைக்கழக வளாகங்களில் மனநல ஆலோசனை மையம் என்று ஓர் அறையை இப்போதெல்லாம் பார்க்க முடிகிறது. பலகையை நின்று படித்தால் பெரும்பாலும் ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்றுதான் இருக்கும். அந்த அறையைத் திறந்து பூட்டுபவர், அதற்கான கோப்பை நகர்த்துகிற உதவியாளர், அழுதுகொண்டிருக்கும் மாணவியை அங்கே கூட்டிவருகிற ஆசிரியை, இவர்கள் யாருக்கும் அந்தப் பலகையில் இடமில்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்குச் சில நெறிமுறைகளை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. ஆசிரியர், அலுவலர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது உளவியல் முதலுதவிப் பயிற்சி கட்டாயம் என்றும் அதிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலுதவி செய்ய வேண்டியவரே படுத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்காக ஊழியருக்கு எதுவுமே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். நிறையவே இருக்கிறது. ஒரே திட்டமாக, ஒரே அரசாணையாக இல்லை, அவ்வளவுதான். நாலைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் அலமாரி: 2017-ஆம் ஆண்டுச் சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. நிரந்தரப் பணியா, தினக்கூலியா என்ற கேள்வியே அங்கு எழாது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்புகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ‘அது குடிகாரன் கேஸ்’ என்று ஒதுக்கிப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

3-ஆவது பிரிவு ஊழியருக்கு ரொம்பவே முக்கியம். முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்கு இப்போதும் மனநோய் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. மனநோய் இருப்பதாக மருத்துவர் சொன்னாலும், அதனாலேயே அவர் ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ ஆகிவிட மாட்டார். அதைச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

அடுத்து ரகசியம். 23-ஆவது பிரிவின்படி, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. சிகிச்சை தரும் மருத்துவரும் உளவியலாளரும் அதை வெளியே சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு: நீங்களே நியமித்த பிரதிநிதி, சிகிச்சைக்குத் தேவைப்படும் வேறு மருத்துவர், யாருக்காவது ஆபத்து வரும் நிலை, மறுஆய்வு வாரியமோ நீதிமன்றமோ இடும் உத்தரவு, பொதுப் பாதுகாப்பு. துறைத்தலைவர் அந்தப் பட்டியலில் இல்லை. பதிவாளரும் இல்லை.

ஒரு சான்றிதழின் பயணம்

சட்டம் இப்படிச் சொன்னாலும் நடப்பது வேறு. நான் ஒரு பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். தேர்வுப் பிரிவில் இருந்த ஓர் அம்மா இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு கேட்டு விண்ணப்பித்தார். மறுகூட்டல் விண்ணப்பங்கள் மேசையில் தலையணை உயரத்துக்குக் குவிந்திருந்த சமயம். சான்றிதழில் மருத்துவர் நோயின் பெயரைப் பளிச்சென்று எழுதியிருந்தார்.

அந்தக் காகிதம் முதலில் பிரிவு உதவியாளர் கைக்குப் போனது. அங்கிருந்து தபால் பிரிவு, எண் போட. பிறகு விடுப்புக் கோப்பைப் பார்க்கும் எழுத்தர், கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர். பதிவாளர் பச்சை மையில் கையெழுத்துப் போடும்போது கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அம்மா திரும்பி வந்தபோது யாரும் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ‘உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்’ என்று முக்கியமான கோப்பு ஒவ்வொன்றாகப் பக்கத்து மேசைக்கு மாற்றினார்கள். அன்பு மாதிரிதான் இருந்தது. ஆறு மாதத்தில் அவரிடம் மிஞ்சியது வருகைப் பதிவேடும் முத்திரையும்தான்.

நான் பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். விடுப்பு விண்ணப்பத்தில் ‘மருத்துவக் காரணம்’ என்று மட்டும் எழுதுங்கள். சான்றிதழைத் தனி உறையில் ஒட்டி, மேலே ‘ரகசியம்’ என்று குறிப்பிட்டு, விடுப்பு அனுமதிக்கும் அதிகாரியின் பதவிப் பெயருக்கே அனுப்புங்கள். விண்ணப்பத்தில் ‘சான்றிதழ் மூடிய உறையில் இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி போதும். சான்றிதழில் எவ்வளவு எழுத வேண்டும் என்று மருத்துவரிடமே பேசிக்கொள்ளுங்கள். சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை என்ற அளவே சிறு விடுப்புக்கு அநேக இடங்களில் செல்லும். மாதக்கணக்கில் விடுப்பு என்றால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள், அங்கே நோயின் பெயரைத் தவிர்க்க முடியாது.

‘மனநல விடுப்பு’ என்று தனியாக ஒன்று நம் விதிகளில் கிடையாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு இதற்குப் பொருந்தும். சேவை கூடக் கூட அதன் அளவும் கூடும். மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் அரைச் சம்பள விடுப்பு சேரும். மருத்துவச் சான்று கொடுத்து அதை முழுச் சம்பள விடுப்பாக மாற்றலாம், ஒரு நாளுக்கு இரண்டு நாள் கணக்கில் கழிந்துவிடும். சர்க்கரைக்கும் முதுகுவலிக்கும் எந்த விடுப்போ அதேதான் மனச்சோர்வுக்கும். தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

வேலை போகுமா?

எல்லோரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வி இது. பதில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் இருக்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று.

அதன் 20-ஆவது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பணியில் இருக்கும்போது ஒருவருக்கு மாற்றுத்திறன் நிலை ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கவும் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. இருக்கும் வேலை முடியவில்லை என்றால் அதே ஊதிய விகிதம், அதே பணிப் பலன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். மாற்றப் பணியிடமே இல்லையா? கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, தகுந்த இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வரை அதில் வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகப் பதவி உயர்வை மறுக்கவும் முடியாது. வேலை செய்ய ஏதுவாக நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்து தரும் பொறுப்பும் நிறுவனத்துடையது. இரவில் மருந்து சாப்பிட்டுக் காலையில் தலை தூக்க முடியாதவருக்கு முதல் பாடவேளையைப் போடாமல் இருப்பது, மாணவர் கூட்டம் முண்டியடிக்கும் கவுன்ட்டரிலிருந்து உள்மேசைக்கு மாற்றுவது என்று சின்னச் சின்னதாகக் கேட்கலாம். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

இங்கே ‘அரசு நிறுவனம்’ என்பது செயலகம் மட்டுமல்ல. மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் அரசு உதவி பெறும் கல்லூரியும் அதில் அடக்கம். சுயநிதிக் கல்லூரிகளுக்கு 20-ஆவது பிரிவின் கடிவாளம் இல்லை. ஆனால் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்ற 21-ஆவது பிரிவு அவர்களுக்கும் உண்டு.

இன்னொரு குழப்பம் 40 சதவீதம். வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டுக்குத்தான் குறைந்தது 40 சதவீதம் என்ற அளவு வேண்டும். 20-ஆவது பிரிவின் பாதுகாப்புக்கு அந்த அளவைச் சட்டம் சொல்லவில்லை. அலுவலகம் சான்று கேட்கத்தான் செய்யும், அதனால் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து வாங்கி வைப்பது நல்லது. சட்டத்தில் இல்லாத சதவீதத்தைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பினால் மட்டும் விடாதீர்கள். ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் இதற்கென்று குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும், புகாரை 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பது 23-ஆவது பிரிவு. அவர் தீர்க்காவிட்டால் மாவட்டக் குழு. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் போகலாம்.

சரி, வேலையில் தவறு நடந்து மெமோ வந்துவிட்டால்? நோயின் நிழல் விழுவது பெரும்பாலும் அங்கேதான். தாமதம், சொல்லாமல் வராதது, மேலதிகாரியிடம் கத்தியது, இப்படித்தான் குற்றச்சாட்டு வரும். 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியது. அவர் மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி. அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்கு மனநலப் பாதிப்பு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே அந்த நடவடிக்கை பாகுபாடு ஆகும் என்றது நீதிமன்றம். துப்பாக்கி ஏந்தும் படையில் இருந்தவருக்கே இந்தப் பாதுகாப்பு. மெமோவுக்கு விளக்கம் எழுதும்போது வெட்கப்பட்டு நோயை மறைத்துவிட்டு, பிறகு மேல்முறையீட்டில் சொன்னால் ‘இப்போது யோசித்துச் சொல்கிறார்’ என்பார்கள். சொல்வதென்றால் முதல் விளக்கத்திலேயே சொல்லிவிடுவது மேல்.

அலுவலகத்தில் யாராவது பாலியல் தொல்லை கொடுத்து அதனால்தான் ஒரு பெண் ஊழியர் உடைந்துபோயிருக்கிறார் என்றால், வழி வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். அந்த விடுப்பு சொந்தக் கணக்கில் கழியாது.

காப்பீடு எதைத் தரும்

2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் இழுத்தடித்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது, அப்புறம் 2022-இல் அக்டோபர் 31-க்குள் எல்லா மருத்துவக் காப்பீடுகளிலும் இதைச் சேர்த்தாக வேண்டும் என்று கெடு வைத்தது.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. வழக்கமான பாலிசி, மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். மனநலச் சிகிச்சையில் பெரும்பகுதி வெளிநோயாளியாகவே முடிந்துவிடும்: மாதம் ஒரு முறை மருத்துவர், தினம் இரண்டு மாத்திரை, இடையில் ஆலோசனை. அந்தச் செலவு உங்கள் பையிலிருந்துதான். சேர்க்கை நடந்தும் பணம் மறுத்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பலகையே இல்லாதவர்கள்

வளாகத்தைப் பெருக்குகிறவர், இரவுக் காவலர், விடுதிச் சமையல்காரர். இவர்களில் பலர் ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். விசித்திரம் என்னவென்றால், சில விஷயங்களில் நிரந்தர ஊழியரைவிட இவர்களுக்குத் தெளிவான ஏற்பாடு இருக்கிறது, தெரியாததுதான் பிரச்சினை. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு அது பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

அந்தப் பிடித்தம் இருந்தால் வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் கிடைக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். நீண்ட கால நோய்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு வகைகள் அதில் உண்டு. 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு, இந்த நோய்களுக்கு 80 சதவீதம், 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். பணத்தைப் பிடித்துவிட்டு ஒப்பந்தக்காரர் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. காப்பீட்டு எண்ணை வாங்கி ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மாட்டிக்கொள்கிறவர் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை, நிரந்தரப் பணி இல்லாததால் நீண்ட விடுப்பும் இல்லை. அடுத்த ஆண்டு கூப்பிடுவார்களா என்பதே பாதி நோய். இதற்கு இன்றைக்கு நேரடி ஏற்பாடு எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நியாயம். இவருக்கு மிஞ்சுவது 2017 சட்டத்தின் 18-ஆவது பிரிவுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய நிறுவனம், பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நிறையப் பேர் காலையில் வந்து சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்புகிறார்கள்.

வளாக ஆலோசனை மையத்துக்கே போகலாமே என்று கேட்கலாம். சில இடங்களில் ஊழியரையும் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் உளவியல் துறையில் உங்களோடு டீ குடிக்கிறவராகவே இருந்தால் எப்படி மனம் திறப்பது? அப்படித் தயங்குகிறவருக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது, 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும், கூட வேலை செய்கிறவர் அப்படிப் பேசினாலும் தாமதிக்காமல் இதே எண்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது.