மகன் போட்ட இன்சூரன்ஸ், அப்பா விட்ட கிளினிக்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, இலங்கையில எங்கட அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில நல்ல சனம், அதுக்குள்ள ஒரு ஐயா சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சபடி வந்து கதிரையில இருந்தார். அவர் இருக்கேக்கயே எனக்கு மணத்தில விளங்கிட்டுது. இடது கால் பெருவிரலைச் சுத்தி பழைய வேட்டித்துண்டு ஒண்டு கட்டியிருந்தவர், மிஸ்ஸி அவிட்டுப் பாத்தா புண் எலும்பு மட்டும் போயிட்டுது, ஆனா அவருக்கு நோவே இல்லை. சீனி வருத்தக்காரருக்கு நரம்பு செத்துப்போனா கால் நோகாது, நோகாததாலதான் கனபேர் பிந்தி வருகினம்.

கிளினிக் கொப்பியைத் தாங்கோ ஐயா எண்டு கேட்டன். பொலித்தீன் பையுக்குள்ள பத்திரமா மடிச்சு வச்சிருந்தார். கடைசியாத் திகதி போட்டது ஒண்டரை வருசத்துக்கு முந்தி, அதுக்குப் பிறகு ஒரு எழுத்தும் இல்லை.

"ஏன் ஐயா வரேல்லை?"

"மகன் சுவிஸில இருந்து இன்சூரன்ஸ் ஒண்டு போட்டு விட்டவன் டொக்டர். இனி அங்க போய் விடியக்காலமை நம்பருக்கு நிக்காதேங்கோ அப்பா, பிரைவேட்டிலயே காட்டுங்கோ எண்டு சொன்னவன்."

அப்பிடித்தான் பிரைவேட்டில காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டியிருக்கிறார். அந்தப் பொலிசி வாட்டில மறிச்சாத்தான் காசு குடுக்கும், டொக்டருக்குக் கட்டுற காசும் மாசாமாசம் வாங்குற குளிசையும் ரத்தம் சோதிக்கிற காசும் அதுக்குள்ள வராது எண்டது அவருக்கு மூண்டாம் மாசம்தான் விளங்கியிருக்கு. மகனிட்டத் திரும்பக் காசு கேக்க வெக்கம், கிளினிக்குக்குத் திரும்பி வரவும் ஒருமாதிரி, அதால ரெண்டு நேரக் குளிசையை ஒரு நேரமாக்கி, பிறகு அதையும் விட்டிட்டார். கால் புண்ணாகி பிரைவேட்டில நிப்பம் எண்டு போனா, கொம்பனி ஏலாது எண்டிட்டுது, படிவத்தில சீனி வருத்தம் 'இல்லை' எண்டு இருக்காம். படிவம் நிரப்பினது வீட்டை வந்த ஏஜென்ட் பெடியன், ஐயா கையெழுத்து மட்டும்தான் வச்சவர்.

அண்டைக்கே வாட்டில மறிச்சம். ரெண்டு விரல் எடுக்கவேண்டி வந்தது, பாதம் தப்பிட்டுது. ஒப்பரேசன், அன்ரிபயோட்டிக், ஒவ்வொருநாளும் மருந்து கட்டினது, பதினாறு நாள் சாப்பாடு, வீட்டை போகத் துண்டு வெட்டேக்க ஒரு பில்லும் இல்லை.

மகனில நான் பிழை சொல்லமாட்டன். அவர் இருக்கிற நாட்டில இன்சூரன்ஸ் எண்டது வேற சாமான். சுவிஸில 1996 இல இருந்து எல்லாரும் கட்டாயம் மருத்துவக் காப்புறுதி எடுக்கவேணும், நடத்துறது தனியார் கொம்பனிதான், ஆனா அடிப்படைக் காப்புறுதிக்கு வாற ஒருத்தரையும் உனக்கு வருத்தம் இருக்கு எண்டு தள்ளேலாது, வருத்தத்தைப் பாத்து பிரீமியத்தைக் கூட்டவும் ஏலாது, கட்ட வழியில்லாதவைக்கு அரசாங்கம் கைகுடுக்கும். டொக்டரிட்டப் போறது, மருந்து எல்லாம் அதுக்குள்ள வரும், வருசத்தில முதல் 300 பிராங்காவது, அதுக்கு மேல வாறதில ஒரு சின்னப் பங்கும் கையால கட்டவேணும் எண்டதைத் தவிர. அது எல்லாருக்குமான வைத்தியம், காப்புறுதி எண்ட வழியால குடுக்கினம். லண்டனில 1948 இல இருந்து அதையே வரிக்காசில குடுக்கினம். இங்க கடையில விக்கிற பொலிசி இது ரெண்டும் இல்லை, வயசு பாக்கும், வருத்தம் பாக்கும், காத்திருக்கிற காலம் வைக்கும், உச்சவரம்பு வைக்கும். பேர் ஒண்டுதான், சாமான் ஒண்டில்லை, போனில வாற புத்திமதி எல்லாம் இந்த இடத்திலதான் பிழைக்குது.

எங்கட முறையும் லேசில வந்ததில்லை. 1951 இல அரச ஆஸ்பத்திரியில கட்டணத்தை எடுத்துவிட்டவை, 1971 இல திரும்ப 25 சதம் வச்சினம், வெறும் 25 சதம்தான், அதுக்கே வெளிநோயாளர் தொகை விழுந்தது, 1977 இல அதையும் எடுத்தினம். வருத்தக்காரனிட்ட வாசலில காசு கேட்டா அவன் வருத்தத்தோட வீட்டிலயே இருந்திடுவான், அந்த ஐயா குளிசையைப் பாதியாக்கினதும் இதே கதைதான். இதைத் தருமம் எண்டு நினைச்சுக் கூச்சப்படுற ஆக்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது, நீங்கள் வாங்குற சவர்க்காரத்திலயும் போன் காட்டிலயும் 18 வீதம் வற் வரி கட்டுறியள், உங்கட வைத்தியத்துக்கு நீங்கள் முதலே காசு கட்டியாச்சு.

குறை இல்லை எண்டு சொல்ல வரேல்லை. ஸ்கானுக்குத் திகதி தள்ளிப்போகுது, 2022 இல மருந்தில்லாமல் வெளியில வாங்குங்கோ எண்டு நாங்களே துண்டு எழுதிக் குடுத்த நாட்களை நினைச்சா இப்பவும் மனம் கஷ்டமாக் கிடக்கு, எத்தினை டொக்டர்மார் வெளிநாடு போயிட்டினம். ஒரு நம்பருக்காக நாலு மணித்தியாலம் கதிரையில இருக்கிற அம்மாவுக்கு வாற கோவம் நியாயம்தான். ஆனா கேள்வி கேக்கத் தெரிஞ்ச, கடிதம் எழுதத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் பொலிசியோட பிரைவேட்டுக்குப் போனா மிஞ்சுறது வாய் திறக்காத சனம், பிறகு அந்த வாட்டுக்கு ஒரு மெசின் வேணும் எண்டு ஆர் கேப்பினம்? எனக்கு உள்ள பெரிய பயம் அதுதான்.

காசு இருந்தா பொலிசி எடுங்கோ, திடீர் ஒப்பரேசனுக்கு, விபத்துக்கு அது உதவும், அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார எண்ட காப்புறுதி இருக்கு, அதையும் பாவியுங்கோ. படிவத்தை மட்டும் நீங்களே வாசிச்சு நிரப்புங்கோ, சீனி, பிரஷர், பழைய ஒப்பரேசன் ஒண்டையும் மறைக்காதேங்கோ, ஏஜென்ட் பரவாயில்லை எண்டு சொன்னாலும் எழுதுங்கோ. வாட்டில மறிக்காமல் எடுக்கிற மருந்துக்குக் காசு தருவினமோ எண்டு கேட்டு, பதிலை எழுத்தில வாங்குங்கோ. இரவில நெஞ்சு நோ எண்டா பொலிசி நம்பரைத் தேடிக்கொண்டு நிக்காமல் 1990 க்கு அடியுங்கோ, 2018 இல இருந்து வடக்கிலயும் அந்த அம்புலன்ஸ் ஓடுது, காசு கட்டத் தேவையில்லை.

ஐயா வாட்டில இருக்கேக்க மகன் வட்ஸ்அப்பில எடுத்தார், அழுதுபோட்டார் பாவம்.

"அப்ப அந்தப் பொலிசியை நிப்பாட்டவோ டொக்டர்?"

"நிப்பாட்டுறதுக்கு முதல், உண்மையைச் சொல்லித் திருத்தி எழுதேலுமோ எண்டு அவையிட்டக் கேளுங்கோ தம்பி. எது எப்பிடியோ அப்பா செவ்வாய்க்கிழமை இங்க வரவேணும். சந்தியில இருந்து ஓட்டோவுக்கு மட்டும் காசு அனுப்புங்கோ, அது காணும்."

இப்ப வாறார். கொப்பியில மூண்டு புதுத் திகதி விழுந்திருக்கு, வெறும்வயித்துச் சீனி 312 இல இருந்து 148 க்கு வந்திட்டுது.