மூன்றாவது நாள் சேர்ந்தால் கணக்கே வேறு

கல்லூரிகளுக்குத் தேர்வு அட்டவணை போடும் மென்பொருள் எழுதுகிறேன். ஒரே மாணவருக்கு ஒரே நாளில் இரண்டு தாள் வரக்கூடாது. அடிப்படை நிபந்தனை இவ்வளவுதான். அரியர் தாள்கள் சேர்ந்ததும் மோதல் பெருகும்.

தேர்வுக்கு 2 நாள்தான் என்றால் வேலை சுலபம். ஒரு தாளை முதல் நாளில் வையுங்கள். அதோடு மோதுபவை இரண்டாம் நாளுக்குப் போகும், அவற்றோடு மோதுபவை முதல் நாளுக்குத் திரும்பும். லட்சம் மாணவர்கள் இருந்தாலும் முடியுமா முடியாதா என்று நொடிகளில் தெரிந்துவிடும். 3 நாள் கொடுத்தால் இன்னும் எளிதாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் எல்லாப் பட்டியலுக்கும் வேகமாக விடை தரும் வழி எதையும் இதுவரை யாரும் கண்டதில்லை. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட வரைபடத்தில் (graph), கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் வராமல் வண்ணமிடும் புதிரும் இதுவும் ஒன்றே. 1972இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் தொகுத்த 21 கடினக் கணக்குகளில் அதுவும் உண்டு.

"எல்லாம் வேண்டாம், முடிந்தவரை நிறைவேற்றினால் போதும்" என்பார்கள். அதிலும் சுவர் உண்டு. 0 அல்லது 1 ஆக இருக்கும் மாறிகள் பல; ஒவ்வொரு சமன்பாடும் அவற்றில் மூன்றின் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் சொல்லும். அப்படிப்பட்ட சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒத்துப்போனால் பள்ளியில் படித்த நீக்கல் முறையே போதும். நூற்றில் ஒன்று தவறாக இருந்தால்? மீதி 99ஐயும் நிறைவேற்றும் விடை இருந்தும், பாதிக்குச் சற்று மேல்கூட உறுதி தர வேகமான நிரல் எதனாலும் முடியாது. கடினக் கணக்குகளுக்கு வேகவழி இல்லை என்ற பரவலான நம்பிக்கை மெய்யாக இருக்கும்வரை இதுவே நிலை. சராசரியாகப் பாதியைப் பெற ஒவ்வொரு மாறிக்கும் நாணயம் சுண்டினாலே போதும்! பாதியைத் தாண்ட முடியாது என்பதைக் கணினி அறிவியலாளர் யோஹான் ஹோஸ்டாட் 1997இல் நிறுவினார். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடைமுறைப் பட்டியல்கள் பெரும்பாலும் இவ்வளவு கொடுமையானவை அல்ல. நல்ல தீர்வு நிரல்கள் பலவற்றை முடித்துவிடும். ஆனால் "எந்தப் பட்டியல் கொடுத்தாலும், எல்லா நிபந்தனையும், ஐந்தே நிமிடத்தில்" என்று எழுதித் தரும் விற்பனையாளரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வழி இல்லாதபோது எந்த நிபந்தனைகள் முட்டுகின்றன என்று மென்பொருள் காட்டுமா என்று கேளுங்கள்.

ஒரு கல்லூரியின் பட்டியல் இரவெல்லாம் ஓடியும் விடை வரவில்லை. அட்டவணை போடும் உதவிப் பேராசிரியரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். காலையில் அவரோடு உட்கார்ந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். "கட்டாயம்" என்று குறித்திருந்தவற்றில் இரண்டு, துறைத்தலைவர்களின் விருப்பம் மட்டுமே. அவற்றைத் தளர்த்தினோம்; தேநீர் ஆறுவதற்குள் அட்டவணை வந்துவிட்டது.