மைக் செட் அனுமதி: பத்து மணிக் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது

பொதுக்கூட்டமோ கோயில் விழாவோ ஆண்டு விழாவோ, எது நடத்தினாலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே விதி, ராத்திரி 10 மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும் என்பது. அதனாலேயே 10 மணி வரை எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

இதற்கான சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள், 2000. நாடு முழுவதற்கும் இதுதான். இதன் 5-ஆவது விதிப்படி, பகலோ இரவோ, ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். "ஸ்டேஷன்ல சொல்லியாச்சு" என்பது அனுமதி ஆகாது. அனுமதி தரும் அதிகாரி என்று விதி சொல்வது மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது டிஎஸ்பி பதவிக்குக் குறையாத, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. நாம் மனுவை உள்ளூர் காவல் நிலையத்தில்தான் கொடுப்போம், பரவாயில்லை, ஆனால் கையில் தாள் வந்த பிறகு சவுண்ட் சர்வீஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். தாளில் உள்ள நிபந்தனைகளையும் முழுதாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் கூம்புக் குழாய் கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும்தான் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து சத்த அளவு, இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கான அளவு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65, தொழிற்பகுதிக்கு 75. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 10 டெசிபல் கூடுதலாக இருக்கலாம், ஆனால் எப்படியும் 75-ஐத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. அதாவது தெருவில் வீடுகளுக்கு நடுவே பந்தல் போட்டால் உங்கள் வரம்பு 75 இல்லை, 65.

65 என்பது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரு பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 95 டெசிபல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மேடை நிகழ்ச்சிக்கு இது சாதாரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 89, 4-இல் 83, 8-இல் 77, 16-இல் 71, 32 மீட்டர் போனால்தான் 65. இருபக்கமும் சுவர் உள்ள தெருவில் இவ்வளவுகூடக் குறையாது. அதே மாதிரி இன்னொரு பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் 3 முதல் 6 டெசிபல் வரை ஏறும். அதனால் தெருமுனை வரை குழாய் கட்டுவதை விட்டுவிட்டு, பெட்டிகளைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, ஒலியைக் குறைத்து வைப்பதே புத்திசாலித்தனம். போனில் இருக்கும் டெசிபல் செயலி துல்லியமில்லை, ஆதாரமாகவும் நிற்காது, ஆனால் எல்லையில் நின்று ஒருமுறை பார்த்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துவிடும்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவித்த இடம் என்றால் பகலிலும் ஒலிபெருக்கியை மறந்துவிடுங்கள்.

சரி, 10 மணிக்கு மேல்? கல்யாண மண்டபம், அரங்கம் மாதிரி மூடிய இடத்தில் உள்ளே இருப்பவர்களுக்காக வைக்கலாம். மண்டப வாசலில் ஒரு பெட்டி வைத்தால் இந்த விலக்கு பொருந்தாது. கலாசார, மத விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல், எந்தெந்த நாட்கள் என்று முன்கூட்டியே அறிவித்து. அதைத் தரும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான். உள்ளூர் இன்ஸ்பெக்டர் "இன்னும் அரை மணி நேரம் ஓட்டிக்கோங்க" என்று சொன்னாலும் அது செல்லாது, நாளைக்குப் புகார் வந்தால் மாட்டுவது நீங்கள்தான்.

"சாமி காரியத்துக்குமா?" என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் ஒரு வழிபாட்டுத் தலத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே, அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

அப்புறம், நீங்கள் சத்தத்தால் அவதிப்படுபவராக இருந்தால்: பகலில் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் டெசிபல் கணக்கே தேவையில்லை, 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஓடுகிறது என்பதே போதும். 112-ஐ அழைத்து இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள், மறுநாள் அதையே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.