லெவல்: மட்டமா, நிலையா, படியா?

போன ஞாயிறு பெங்களூர் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம் அது. நான் தமிழில் எழுதி வைத்திருந்த விதித்தாளைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், "என் மந்திரவாதி நிலை 3, தீக்கோளமும் நிலை 3 மந்திரம்தானே" என்று எட்டுப் பகடைகளைத் திரட்டிவிட்டான், அதில் இரண்டு லூடோ டப்பாவிலிருந்து எடுத்தவை. முடியாதுப்பா, அந்த மந்திரத்துக்கு மந்திரவாதி 5வது லெவலுக்கு வந்திருக்க வேண்டும். தப்பு அவனுடையது இல்லை. ஆங்கிலத்தில் ஆட்டக்காரரின் ஆளுக்கும் மந்திரத்துக்கும் லெவல் என்றே இருக்க, இரண்டுக்கும் 'நிலை' என்று எழுதிய என்னுடையது.

இந்தக் குழப்பம் ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1974ல் முதல் பதிப்பு வந்தபோதே ஆளின் வளர்ச்சி, மந்திரத்தின் கடினம், பாதாள அறைகளின் அடுக்கு, அரக்கர்களின் வலு எல்லாவற்றுக்கும் லெவல்தான். 1978ல் ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய ஆட்டக்காரர் கையேட்டிலேயே இது பேசப்பட்டிருக்கிறது: ஆளுக்கு ரேங்க், மந்திரத்துக்கு பவர், அரக்கனுக்கு ஆர்டர் என்று பிரிக்க நினைத்தார்களாம், ஆனால் லெவல் எல்லார் வாயிலும் ஊறிவிட்டதால் விட்டுவிட்டார்கள். 2023ல் இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் ஆட்டம்தான் மந்திரத்துக்கு மட்டும் ரேங்க் என்று மாற்றியது. நமக்கு அது ஒத்துவராது, ரேங்க் கார்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு ரேங்க் ஒன்றுதான் உசத்தி, இங்கே மந்திரத்தில் ஒன்பதுதான் உசத்தி.

லெவல் என்ற சொல்லின் வேர் லத்தீன் லிப்ரா, அதாவது தராசு. அதன் குட்டி வடிவமான லிபெல்லா பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது, முதலில் அது தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயர். நம்ம கொத்தனார் கையில் இருக்கிற ரசமட்டமேதான்! ஆக, சொல்லுக்குச் சொல் என்றால் 'மட்டம்'தான் சரி. ஆட்டத்தில் இருந்த கன்னடக்காரரும் எங்கள் மொழியில் 'மட்ட' என்றுதான் சொல்வோம் என்றார். தமிழிலும் உயர்மட்டக் குழு இருக்கிறது. ஆனால் 'மட்டமான மந்திரவாதி' என்றால் யார் ஆடுவார்கள்? 'மூணாவது மட்டம் போட்டான்' என்றால் ஆட்டத்துக்கு வராமல் ஏமாற்றியவன் என்றுதான் காதில் விழும்.

'நிலை' அழகான சொல்தான், ஆனால் அது வேறு இடத்துக்கு வேண்டும். விஷம் ஏறிய நிலை, மயங்கிய நிலை, கட்டுண்ட நிலை என்று ஆட்டத்தில் ஏகப்பட்ட நிலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கடைசியில் ஆளுக்குப் 'படி' என்று வைத்தேன். ஏறுகிற பொருள் அதிலேயே இருக்கிறது, மொத்தம் 20 படி. 5வது படியை 'ஐந்தாம் படி' என்று சொன்னால் ஐந்தாம் படை மாதிரி, துரோகி மாதிரி கேட்கிறது என்று ஒருவர் இழுத்தார், சரி, 'படி 5' என்றே எழுதிவிடுவோம். பதினெட்டாம் படிக்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதை எட்டுகிறவர் கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது.

மந்திரத்துக்குத் 'தரம்', 1 முதல் 9 வரை. அரக்கனுக்கு 'வலு'. பாதாள அறைக்குத் 'தளம்' என்று போட்டால் மாடி ஏறுகிற நினைப்பு வருகிறது, அதனால் 'கீழ்த்தளம்'. தம்பியின் தாளில் இப்போது 'படி 3, மந்திரம் தரம் 2 வரை' என்று இருக்கிறது.