கலைத் திட்டத்துக்கு நிதி கேட்கிறீர்களா? பட்ஜெட்டில் கலைஞருக்கு எவ்வளவு?

அறக்கட்டளைகளுக்கும் கலைக்குழுக்களுக்கும் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் நான். சாதிக் கொடுமை, குழந்தைத் திருமணம், தண்ணீர்ப் பஞ்சம் என்று ஏதாவது ஒரு பிரச்சினையைக் கூத்தாகவோ நாடகமாகவோ ஊர் ஊராகக் கொண்டுபோக நிதி கேட்கும் விண்ணப்பங்கள், அனுப்பும் முன் என் மேசைக்கு வரும். நான் முதலில் புரட்டுவது பட்ஜெட் தாளைத்தான்.

திருவண்ணாமலைப் பக்கம் எட்டு ஊர்களில் குழந்தைத் திருமணம் பற்றித் தெருக்கூத்து போடும் திட்டம் ஒன்று வந்தது. படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் 3 லட்சம். சென்னையில் நிறைவு விழா மண்டபத்துக்கு 60,000. ஆட்டக்காரர்களுக்கோ, 'கூத்துக் குழு – மொத்தம்' என்று ஒரே வரி, 80,000. ஜமாவில், அதாவது அந்தக் கூத்துக் குழுவில், 14 பேர், எட்டு இரவு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 714 ரூபாய். வேன் வாடகையும் அரிதாரமும் அதற்குள்ளேயேதான். ஒத்திகைக்கு ஒரு பைசா இல்லை. புதுக் கதை என்றால் ஜமாவை நடத்தும் வாத்தியார் பாட்டு கட்ட வேண்டும், முகவீணை என்ற சிறு ஊதுகருவி வாசிப்பவர் மெட்டுக்குப் பழக வேண்டும், அத்தனை நாளும் அவர்கள் கூலி வேலையை விட வேண்டும். இன்னொன்று: ஆட்டங்களைச் சித்திரை, வைகாசியில் வைத்திருந்தார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்துக் காலம். ஜமாவின் வருட வருமானத்தில் பெரும்பங்கு வரும் மாதங்கள் அவை.

சமூக மாற்றத்துக்கென்று வரும் பணத்தில் அந்தச் சமூகத்தின் கலைஞருக்கே அரைக்கூலி என்றால் என் மனம் ஒப்பாது. அந்த பட்ஜெட்டைத் திருப்பி எழுதச் சொன்னேன்.

சரி, எங்கே கேட்பது? பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் கலை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை தருகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். இது பலருக்குத் தெரியாது. ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடி, அவர் கையில் திட்டத்தையே ஒப்படைத்துவிடுகிறார்கள். பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமும் உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே கலை, பண்பாடு, மரபுக் கலைகள் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அதை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு அறக்கட்டளைப் பணத்தில்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு பெற, பொதுவாக அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் பணிக்கு 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு பாதி வரை அனுமதி இருந்தது. வந்த நல்கையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. 'எங்களிடம் பதிவு இருக்கிறது, வாங்கி உங்கள் சங்கத்துக்குத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆடிய ஆட்டத்துக்கான ஊதியத்தை ரசீதோடு கலைஞரின் வங்கிக் கணக்கில் போடுவது வேறு, அது திட்டச் செலவு. அதனால்தான் பட்ஜெட்டில் ஊதியத்தை 'மொத்தம்' என்று போடாமல், ஆள், நாள், தொகை என்று பிரித்து எழுதச் சொல்கிறேன். ஒத்திகைக்கும் அப்படியே.

அனுப்பும் முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். ஜமாவில் எல்லோரையும் உட்காரவைத்துத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எந்த மாதம் வசதி, ஒத்திகைக்கு எத்தனை நாள் என்பதை அவர்களே சொல்லட்டும். அப்புறம், எடுக்கப்போகும் வீடியோ யாரிடம் இருக்கும், யூடியூபில் போடலாமா, அதில் வருமானம் வந்தால் யாருக்கு என்பதையும் தனித் தாளில் எழுதி, அவர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள்.