நேரம் முடிந்தது, ஃப்ரீ கிக் பாக்கி

பொழியூர், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று தமிழக–கேரள எல்லையோரக் கடற்கரைக் கால்பந்து மைதானங்களில் கடைசி நிமிடச் சண்டை பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "கிக் எடுக்காம எப்பிடி சார் முடிப்பிய?"

முடிக்கலாம். நேரம் தீர்ந்த பிறகும் எடுத்தே ஆகவேண்டியது பெனால்டி ஒன்றுதான். ஆட்டவிதி 7 அதற்கு மட்டுமே நேரத்தை நீட்டுகிறது. ஃப்ரீ கிக், கார்னர், த்ரோ எதற்கும் அந்தச் சலுகை இல்லை.

அப்படியானால் டிவியில் பார்க்கும் ஆட்டங்களில் கடைசி ஃப்ரீ கிக்கை ஏன் எடுக்க விடுகிறார்கள்? வீணான நேரத்துக்காக. உதாரணமாக, கூடுதல் நேரம் 2 நிமிடம் என்று காட்டியாயிற்று. அதில் 1:40-இல் ஃபவுல். தடுக்கும் அணியினர் வரிசையாக நிற்கும் சுவர் பந்திலிருந்து 9.15 மீட்டருக்குப் பின்வாங்க மறுக்கிறது, தாக்கும் அணிக்காரர் ஒருவர் சுவருக்குள் இடித்து நுழைகிறார் (மூன்று பேரோ அதற்கு மேலோ சுவராக நின்றால் அவர் 1 மீட்டர் தள்ளித்தான் நிற்கவேண்டும்), ஒரு மஞ்சள் அட்டை. பந்து தயாராகும்போது 2:30. சாதாரணமாகச் சுவர் வைக்கப் பத்து விநாடி ஆகும், அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். மிச்சம் 40 விநாடி வீண். ஆட்டம் 2:40 வரை போகும், கிக்குக்கு 10 விநாடி இருக்கிறது. பலகையில் காட்டியது குறைந்தபட்ச நேரம். ரெஃப்ரி கூட்டலாம், குறைக்கக்கூடாது.

இதே ஃபவுல் 1:58-இல், கிக் கிடைத்த அணியின் சொந்தப் பாதியில் நடந்து, யாரும் இழுத்தடிக்கவில்லை என்றால் விசில் ஊதிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

முடிவை எப்போது எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பந்தை வைப்பதற்கு முன்பே வாட்சைப் பார்த்துவிடவேண்டும். நேரம் இல்லையா, அங்கேயே ஊதுங்கள். எடுக்க விட்டீர்களா, அந்தத் தாக்குதல் ஓயும்வரை பொறுங்கள். பந்து காற்றில் இருக்கும்போது ஊதுவது விதிப்படி தப்பில்லை, ஆனால் அதைவிட மோசமான நேரம் கிடையாது. 1978 உலகக்கோப்பையில் பிரேசில்–ஸ்வீடன் ஆட்டத்தில் கார்னர் பந்து வானத்தில் இருக்கும்போது ரெஃப்ரி கிளைவ் தாமஸ் ஊதினார். பிரேசிலின் ஸீக்கோ தலையால் முட்டிய பந்து வலைக்குள் போயும் கோல் இல்லை, 1–1. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.

"இதுதான் கடைசி கிக்" என்று ஃப்ரீ கிக்கின்போது சொல்லவேண்டாம். கீப்பர் தட்டிய பந்து மறுபடி ஒருவன் காலில் விழுந்தால் உங்கள் வாக்கே உங்களைக் கட்டிப்போடும். நீட்டித்த நேரத்துப் பெனால்டிக்கு மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: அங்கே ரீபவுண்ட் கிடையாது. கம்பத்திலோ கீப்பர் மேலோ பட்டு உள்ளே போனால் கோல். அடித்தவரோ கீப்பரைத் தவிர வேறு யாருமோ மறுபடி தொட்டால் ஆட்டம் முடிந்தது.

அதனால் பெனால்டியா ஃப்ரீ கிக்கா என்பது ஒரு சாண் விஷயம். அந்தச் சாணில்தான் ஆட்டமே நிற்கிறது. பெனால்டி பெட்டியின் கோடு பெட்டிக்கே சொந்தம், கோட்டின் மேல் நடந்த ஃபவுலும் பெனால்டி. நம் மணல் தரையில் சுண்ணாம்புக் கோடு இரண்டாம் பாதிக்குள் காலடியில் பாதி அழிந்துவிடும். இடைவேளையில் பெட்டியின் கோட்டையாவது மறுபடி போடச் சொல்லுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. நேரம் ரெஃப்ரியின் வாட்சில் இருக்கிறது, மேசையில் அல்ல. மைக்கில் "டைம் முடிஞ்சாச்சு" என்று அறிவிக்காதீர்கள். அதற்குப் பிறகு விழும் கோல் சரியான கோலாக இருந்தாலும் கூட்டம் ஏற்காது. முதல் பாதியை ரெஃப்ரி தவறுதலாக 2 நிமிடம் முன்னால் முடித்துவிட்டால், மைதானத்தை விட்டு வெளியேறும் முன் உணர்ந்தால் திரும்ப அழைக்கலாம். வெளியேறிவிட்டால் அந்த 2 நிமிடம் போனது போனதுதான், இரண்டாம் பாதியில் கூட்டிச் சரிக்கட்டக்கூடாது.