சைட்பர்ன்ஸ்: சொல் விளக்கம்

காதின் முன்புறத்தில் தொடங்கிக் கன்னத்தின் வழியே கீழிறங்கும் முடியை ஆங்கிலத்தில் சைட்பர்ன்ஸ் என்பர். சைடு என்பது பக்கத்தைக் குறிப்பதாகவும், பர்ன் என்பது எரிதலோடு ஏதோ வகையில் தொடர்புடையதாகவும் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுறத்துக்காகப் போரிட்ட ஜெனரல் ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு என்பவரின் பெயர், முன்பின்னாகத் திரும்பி நிற்பதேயாகும். காதிலிருந்து இறங்கிய அடர்ந்த முடியை மீசையோடு இணையவிட்டு, முகவாயை மட்டும் மழித்திருந்தார் அவர். அந்த அமைப்பை மக்கள் முதலில் பர்ன்சைட்ஸ் என்றே அழைத்தனர். பக்கத்து முடிக்குச் சைடு என்ற சொல் முன்னால் வருவதே பொருத்தம் என்று நாவுக்குத் தோன்றியதாலோ என்னவோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது சைட்பர்ன்ஸ் என்று மாறிவிட்டது. பர்ன்சைடு என்பது ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர். அந்நாட்டு வழக்கில் பர்ன் என்றால் ஓடை. ஆகவே ஓடைக்கரை என்பதே அப்பெயரின் பொருள், நெருப்புக்கு அதில் இடமில்லை.

1824-இல் இண்டியானாவில் பிறந்த பர்ன்சைடு, போருக்கு முன்பே இழப்பைச் சந்தித்தவர். பின்புறமாகத் தோட்டா இடும் குறுந்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்து 1856-இல் காப்புரிமை பெற்றார். அரசு ஒப்பந்தம் கைநழுவியதால் கடனில் மூழ்கி, அந்த உரிமையையே பிறருக்குக் கொடுத்துவிட நேர்ந்தது. பின்னர் போரின்போது அதே துப்பாக்கியை அரசு ஐம்பதாயிரத்துக்கும் மேல் வாங்கியது. பயன் அவருக்குக் கிட்டவில்லை.

1862-இன் தொடக்கத்தில் வட கரோலினாக் கரையோரத்தில் ரோனோக் தீவையும் நியூ பெர்ன் நகரையும் கைப்பற்றியதால் அவர் பெயர் ஓங்கியது. அதிபர் லிங்கன் அவரிடம், வடபுறத்தின் முதன்மைப் படையான பொடோமாக் படையின் தலைமையை இருமுறை கொடுக்க முன்வந்தார். அவ்வளவு பெரிய படையை நடத்தும் திறன் தமக்கில்லை என்று இருமுறையும் மறுத்தவர், நவம்பரில் மூன்றாம் முறையாக ஆணை வந்தபோது ஏற்றுக்கொண்டார். தம்மைப் பற்றி அவர் செய்த மதிப்பீடு சரியானது என்பதை அடுத்த மாதமே காட்டிவிட்டது.

ஃபிரெடெரிக்ஸ்பர்க் நகருக்கு எதிரே ராப்பஹானக் ஆற்றங்கரைக்கு அவர் படை விரைவாகவே வந்து சேர்ந்தது. ஆற்றைக் கடக்க வேண்டிய மிதவைப் பாலங்கள் மட்டும் நிர்வாகக் குழப்பத்தால் தாமதமாயின. அந்த இடைவெளியில் தென்புறத் தளபதி ராபர்ட் லீயின் படை எதிர்க்கரை மேடுகளில் வேரூன்றிவிட்டது. அப்போதேனும் திட்டத்தை மாற்றியிருக்க வேண்டும், அவர் மாற்றவில்லை. டிசம்பர் 13 அன்று, மேரிஸ் மேட்டின் அடியில் இருந்த கல்மதிலை நோக்கித் திறந்த வெளியில் அணி அணியாக அனுப்பப்பட்டவர்களில் ஓர் அணியேனும் அம்மதிலை எட்டவில்லை. மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என வடபுறத்தின் இழப்பு 12,000-ஐத் தாண்டியது. பாலங்கள் தாமதமானது அவரது கெட்ட காலம். அதன் பிறகும் தாக்கியது அவர் பிழை. தோல்விக்கான பொறுப்பை யார் மீதும் சுமத்தாமல் தாமே ஏற்று அவர் எழுதிய கடிதம் வெளியானது. படைத்தலைவர்களிடம் இது அரிது என்பதால் இங்கே சொல்லியாக வேண்டும். 1863 ஜனவரியில் மீண்டும் ஆற்றைக் கடக்க முயன்றபோது மழை பிடித்துக்கொண்டது. பீரங்கிகளும் வண்டிகளும் அச்சு வரை சேற்றில் புதைந்தன. சேற்று அணிவகுப்பு என்று பெயர் பெற்ற அந்த முயற்சியோடு அவர் தலைமையும் முடிந்தது.

அவரை வெறும் தோல்வியாளர் என்று ஒதுக்குவது முறையன்று. அதே ஆண்டு இறுதியில் டென்னசியின் நாக்ஸ்வில் நகரைத் தென்புறத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் முற்றுகையிலிருந்து உறுதியாகக் காத்தவர் அவரே. 1864 ஜூலை 30 அன்று பீட்டர்ஸ்பர்கில் எதிரி அரணின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்தபோது, முன்னணியில் செல்வதற்கென்று கறுப்பின வீரர்களின் பிரிவுக்குப் பயிற்சி அளித்திருந்தார். முந்தைய நாள் மேலதிகாரி மீட் அதைத் தடுத்தார். பர்ன்சைடு வேறு பிரிவைத் தாமே தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டார். சீட்டு விழுந்தது, தாக்குதல் நேரத்தில் பின்னால் பதுங்கிடத்தில் குடித்துக்கொண்டிருந்த பிரிவுத் தலைவர் லெட்லியின் பெயருக்கு. வெடியால் உண்டான பள்ளத்தைச் சுற்றிச் செல்லாமல் அதற்குள்ளேயே இறங்கிச் சிக்கிய வீரர்கள் கொத்துக்கொத்தாக மாண்டனர். பின்னாளில் ரோட் தீவு மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்து, 1881-இல் அவர் மறைந்தார்.

இனித் தமிழ்ச் சொல். முடிதிருத்தும் கடையில் 'கிருதாவை ஏத்தி வெட்டவா, இறக்கி விடவா?' என்று கேட்கும்போது எவருக்கும் ஐயம் எழுவதில்லை. இன்று பரவலாக வைத்துக்கொள்ளும், மீசையைத் தொடாத பக்கமுடிக்குக் கிருதா என்பதே போதுமானது. பர்ன்சைடு வைத்திருந்த அமைப்புக்கு அது குறைவுபடும். மேலுதட்டு மீசை கன்னம் முழுதும் படர்ந்து காதைத் தொடுவதால், கன்னமீசை என்பதே அதற்குத் துல்லியமான சொல். காதோர முடி என்பது விளக்கமாக அமையுமே தவிரப் பெயராக நிற்காது. சொல்லைப் பிரித்துப் பக்க எரி என்ற வகையில் ஆக்குவது பிழை. ஆங்கிலத்தில் உள்ள பன்மை ஈற்றையும் தமிழில் சேர்க்க வேண்டியதில்லை. கிருதா வைத்திருக்கிறார் என்றாலே இருபுறமும் அதில் அடங்கும்.